தொண்டையில் சொல் எடுக்கும் சாமி

ஊருக்குள் ஒரு சாமி வந்து இறங்கியிருந்தார். போன வருடம் வரை மூட்டுவலித் தைலம் விற்றவர். மூட்டுகள் காலை வாரிவிடவே, குழந்தைகளின் தொண்டைக்கு மாறினார். பேசாத குழந்தையின் வாயருகே காதை வைப்பார். தொண்டைக்குள் சொல் எங்கே சிக்கியிருக்கிறது என்று அவருக்குக் கேட்குமாம். விரலால் நீவி அதை மேலே ஏற்றிவிடுவாராம்! விடிந்தால் போதும், அவர் வாடகைக்குப் பிடித்த மாடி அறையில் கூட்டம் அலைமோதும். டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனைத் தொலைத்தவர்களுக்கு இன்னொரு வரிசை.

நீவினால் மட்டும் போதாது, பத்தியமும் உண்டு. சொல் மேலேறும்வரை வீட்டில் யாரும் குழந்தையின் காதுபடப் பேசக் கூடாது. பேசினால் சொல் பயந்துபோய்க் கீழே இறங்கிவிடும். என்ன மூளை பாருங்கள்! குழந்தை பேசினால் சாமியின் அருள். சுவரில் அதன் படம் ஏறும். பேசாவிட்டால் வீட்டில் எவரோ வாயைத் திறந்துவிட்டார்கள், மறுபடி டோக்கன். ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே ஒன்றிரண்டு சொல் சொல்லும் என்பதைச் சாமி வெளியே விடவில்லை. தொழில் ரகசியம் அல்லவா!

இதில் மாட்டிக்கொண்டவள் ஒரு தையல்காரி. மகனுக்கு ஒன்றேகால் வயது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. பக்கத்துத் தெருவில் பத்து மாதப் பிள்ளை 'அக்கா' என்றதாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் கணவனுக்குத் தூக்கம் போயிற்று. பூட்டுக்கடைக்காரன் அவன். மகனைச் சாமியிடம் தூக்கிப் போனான். திரும்பி வந்து மனைவியின் வாய்க்குப் பூட்டுப் போட்டான்.

அவளோ மிஷினை மிதித்துக்கொண்டே மகனிடம் ஓயாமல் பேசுகிறவள். இப்போது சைகையில் ஊட்டினாள், சைகையில் குளிப்பாட்டினாள். மகன் 'பா... தா...' என்று உளறிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். பதில் வராது. கொஞ்ச நாளில் அந்த உளறலும் நின்றது.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். பஸ் கண்டக்டர். அவள் குரல் கடைசி சீட் வரைக்கும் போகும்.

"என்ன அண்ணி, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

தையல்காரி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "என் புள்ள என் முகத்தைப் பார்க்கிறதையே விட்டுட்டான்" என்று சாமியின் பத்தியத்தைச் சொல்லிக் குசுகுசுத்து அழுதாள்.

"நாம பேசாம அவனுக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்? சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட காட்டி, காது நல்லாக் கேக்குதான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சாமியை நான் பார்க்கணும். என் பொண்ணையும் கூட்டிட்டு வரேன்."

"உங்க பொண்ணா? அவ வாயை மூடவே மாட்டாளே!"

"அதனாலதான்."

மறுநாள் எல்லோரும் மாடி அறைக்குப் போனார்கள். கண்டக்டரின் இரண்டரை வயது மகளின் வாயில் ஒரு பெரிய மிட்டாய். அந்த வாய் ஓய்ந்திருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

சாமி அவள் வாயருகே காதை வைத்து, கண்ணை மூடினார். "இது என்னென்ன பேசும்?"

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க சாமி."

"ஒரு சொல்லுகூட வந்ததில்ல. எல்லாம் அடித்தொண்டையில கல்லு மாதிரி கிடக்கு."

"நல்லாக் கேட்டீங்களா? ஒண்ணுகூடவா இல்ல?"

"எனக்குத் தெரியாதாம்மா? ஒண்ணுகூட இல்ல!"

மிட்டாய் கரைந்து முடிந்தது.

"தாத்தா, உங்க காதுல முடி!"

சாமி லேசுப்பட்டவரா? துள்ளி எழுந்தார். "வந்துடுச்சு! சொல்லு வந்துடுச்சு!" கூட்டம் கைதட்டியது. தங்கை மகளின் வாயை நன்றாக அறிந்த பூட்டுக்கடைக்காரன் மட்டும் திருதிருவென்று விழித்தான். அதிசயத்தைப் பார்க்க எல்லோரும் நெருக்கியடித்து வந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் சிறுமிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! சில்லறையைக் கையில வெச்சுக்கங்க!"

பேச்சு வந்த முதல் நிமிடமே சில்லறை கேட்கும் குழந்தை! கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது.

"இதை யாரு சொல்லிக் குடுத்தது, சாமி? நீங்களா?" கண்டக்டர் குரலை உயர்த்தினாள். "நான் பேசப் பேசக் கேட்டுக் கத்துக்கிட்டா. போன வருஷத்திலேர்ந்து பேசறா. இவ்ளோ பேச்சு உள்ள இருந்துச்சே, ஒண்ணுகூடவா உங்க காதுல விழல?"

"பத்தியம் இருந்தாதான்..." என்று சாமி இழுத்தார்.

"உங்க பத்தியத்தாலதான் என் புள்ளையோட உளறலும் நின்னுபோச்சு!"

கத்தியவள் தையல்காரி. இடுப்பிலிருந்த மகன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். "ஆமாண்டா கண்ணு, அம்மாதான். இனிமே வாயை மூட மாட்டேன்டா" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவன் அவள் உதட்டைப் பிடித்து இழுத்து, "பா" என்றான். அது சொல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கோ உயிர் திரும்பி வந்தது.

"காது டாக்டர்கிட்ட எப்ப போகலாம்?" என்று பூட்டுக்கடைக்காரன் அசடு வழியக் கேட்டான். அதற்குள் அறையிலிருந்த தாய்மார்கள் எல்லோரும் தங்கள் குழந்தைகளோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்த இரைச்சலில் சாமி பின்பக்கப் படி வழியாக நழுவிவிட்டார்.

குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்ளும். ஆனால் 'எப்படி?' என்ற ஒரே ஒரு சொல் இத்தனை பெரியவர்களின் தொண்டையில் இத்தனை நாள் சிக்கிக் கிடந்ததே! அதை எடுத்துவிட எந்தச் சாமியும் வர மாட்டார். நாமேதான் யோசித்து எடுக்க வேண்டும்.