காய்கறித் தோலில் ஒரு கைப்பை

தமிழ்ப்பற்று நல்லதுதான். ஆனால் அதைக் கைப்பையின் விலைச்சீட்டில் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனவன் பேசாமல் ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். சென்னையில் வடிவமைப்புப் படிப்பை முடித்துவிட்டு, "நம் கைவினையை நவீன உலகுக்குக் கொண்டு செல்வேன்" என்று சொந்த ஊரான சேவுகம்பட்டிக்குத் திரும்பி வந்தேன். (நவீன உலகம் என்னிடம் அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.) கைப்பை, பணப்பை, பெல்ட். பிராண்டின் பெயர் 'வேர்'. என்னோடு படித்த சாதிக், திண்டுக்கல்லில் தோல் வியாபாரக் குடும்பத்துப் பையன். தோலை அவன் பார்த்துக்கொள்வான். உள்ளே வைத்துத் தைக்கும் சின்னாளபட்டிச் சுங்குடித் துணியையும், தத்துவத்தையும் நான் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் தோலில் ரசாயனம் கிடையாது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய தண்ணீரில் போட்டு, பழைய முறையில் பதனிட்டது. கடைகளில் இதை 'வெஜிடபிள் டேன்டு லெதர்' என்பார்கள். நம் பையில் எதற்கு ஆங்கிலம்? நாள் முழுக்க யோசித்து, அழகான தமிழில் எழுதி அச்சடித்தேன்: 'வேர் – தூய காய்கறித் தோல்'.

சாதிக் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "மாப்ள, வெள்ளரிக்கா சீவுன மாதிரி இருக்குடா."

"உனக்குத் தமிழ் உணர்வு கம்மி" என்றேன்.

அப்பா கத்தரிக்காய் விவசாயி. ஒட்டன்சத்திரத்தில் சென்னியப்பன் என்பவரின் மண்டிக்குத்தான் எப்போதும் காய் போடுவார். விலை விழுந்து, காய் ரோட்டில் கொட்டப்பட்ட நாட்களிலும் அப்பாவின் மூட்டையை அவர் திருப்பி அனுப்பியதில்லை. என் படிப்பே அந்த மண்டித் தராசில்தான் நடந்தது. சென்னியப்பன் சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக் அவர் வீட்டு வாசலைத் தாண்டாது. காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் அரைஞாண் கயிறு தவிர வேறு வார் ஏறியதில்லை.

அவரிடம் அப்பா பெருமையாக என் பை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். உடனே எனக்கு அழைப்பு வந்தது. போனேன்.

"ஏனுங்க தம்பி, இது எந்தக் காயிங்க?"

"கடுக்காய்ங்க. கூட ஆவாரம்பட்டை."

"மருந்து கிருந்து?"

"சொட்டு கெடையாதுங்க."

"தோலு?"

"நம்ம திண்டுக்கல் தோலுங்க."

பையைத் தடவிப் பார்த்தார். "கடுக்காயில இப்படியெல்லாம் வருமுங்களா?"

"பழைய முறைப்படி செஞ்சா வருமுங்க."

(இந்த உரையாடலை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.)

அவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறாராம். வருகிறவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுக்க என் பைகள் வேண்டுமாம். இவ்வளவு சைவமானவர் தோல் பை கேட்கிறாரே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. 'நல்ல வடிவமைப்பு மனிதர்களை மாற்றும்' என்று வகுப்பில் படித்திருந்தேன். மாற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

விசேஷத்தன்று சாதிக்கும் நானும் பைகளை அடுக்கினோம். அதில் ஒன்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சென்னியப்பனே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபூஜை முடிந்து பசுவும் கன்றும் வாசலில் நின்றிருந்தன. சொந்தபந்தங்கள் சூழ்ந்திருக்க, அவர் இன்னொரு பையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க, ரெக்சின் இல்ல, பிளாஸ்டிக் இல்ல. அத்தனையும் காய்கறித் தோலு! வாழை நாருல சேலை நெய்யறாங்க, காய்த்தோலுல பை வராதுங்களா? நம்ம கத்தரிக்காக்காரர் மவன் கண்டுபுடிச்சதுங்க. பழசாப் போனா வீச வேண்டாம், மாட்டுக்குப் போட்டுரலாம்!"

"மாட்டுக்கா?" என்று சாதிக் என் காதில் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பையைப் பசுவின் வாயருகே நீட்டிவிட்டார். பசு முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

"வெக்கப்படுதுங்க" என்றார் ஒருவர்.

"இப்பத்தான அகத்திக்கீரை தின்னுச்சு, பசிக்காது" என்றார் இன்னொருவர்.

சென்னியப்பன் விடவில்லை. பைக்குள் ஒரு வாழைப்பழத்தை வைத்து நீட்டினார். பசு நாக்கை உள்ளே விட்டுப் பழத்தை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டது. அப்போது பந்திப் பக்கமிருந்து ஒரு தெரு நாய் வந்தது. அதற்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பையைக் கவ்வியது, ஓடியது.

சென்னியப்பன் நாய் போன திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது என்ன தோலுங்க?"

சாதிக்தான் தொழில் கௌரவத்தோடு பதில் சொன்னான்: "ஆட்டுத் தோலுங்கய்யா. ஃபர்ஸ்ட் குவாலிட்டி."

அதன் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. சாமி படத்தின் முன்னாலிருந்த பையை யாரோ ஒட்டடைக் குச்சியால் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மூட்டை கட்டிக் கிளம்பிய ஐயர் திரும்ப வந்து உட்கார்ந்தார். பால் இரண்டாம் முறை பொங்கியது. அப்பா என்னைச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"ஏலே, கத்தரித் தோலு, பூசணித் தோலுன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்!"

"நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்?"

"எழுதி ஒட்டிருக்கியேடா!" (அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை படித்துக் காட்டியிருக்கிறாள்.) பிறகு குரல் இறங்கியது. "இனி காயை எங்கிட்டுக் கொண்டுபோய்ப் போடுறது, அப்பு?"

நான் குனிந்து மிச்சப் பைகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

அடுத்த பறிப்புக்கு நானும் அப்பாவோடு மண்டிக்குப் போனேன். மூட்டையை இறக்கிவிட்டு இருவரும் திருடர்களைப் போல நின்றோம். சென்னியப்பன் வந்தார். மூட்டைக்குள் கை விட்டு ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கத்தரிக்காதானுங்களே? தம்பி பேரு வச்சதில்லையே?"

மண்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மூட்டை தராசில் ஏறியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையமர்த்தினார். "நீங்க பொய் சொல்லலீங்க தம்பி, நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா இனிமே எழுதாதீங்க. படம் போடுங்க. ஆட்டுப் படம். கொம்போட, தாடியோட. படிக்காதவனும் பாத்து வாங்கோணும்."

போட்டேன். இன்று எங்கள் ஒவ்வொரு பையிலும் ஒரு தாடி வைத்த ஆடு முத்திரையாக நிற்கிறது. சென்னைக் கண்காட்சிகளில் அதைத் தடவிப் பார்த்து, "என்ன ஒரு சிம்பிள் லோகோ! இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கணுமே?" என்று கேட்கிறார்கள். "எங்கள் மண்ணோடு தொடர்புடையது" என்று சொல்லிப் புன்னகைக்கிறேன்.

வீட்டில் அந்தப் புன்னகை செல்லாது. போன வாரம் புது விளம்பர வாசகம் ஒன்றை எழுதி, தங்கையை அப்பாவுக்குப் படித்துக்காட்டச் சொன்னேன். அப்பா கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தேன் இருக்கு" என்றார். "எதுக்கும் மாட்டுக்கிட்ட ஒருக்கா காட்டிரு."