கெட்டில் காத்த படலம்

வாழ்க அவள்! முத்திரை குத்துவதில் இணையிலாள், உறையைக் கையிலேந்திய மாத்திரத்தில் அதன் எடை உரைக்கும் நுண்கரத்தாள், படியேறும் செருப்போசையிலேயே வருபவர் லீவு கேட்க வருகிறாரா சிபாரிசு கேட்க வருகிறாரா என்றுணரும் கூர்ஞ்செவியாள், அலுவலகமே 'அக்கா' என்றழைக்கும் தபால் பிரிவின் தனிப்பெருந்தலைவி நீடு வாழ்க! அவள் கெட்டிலைக் காத்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். கையில் டம்ளர் வைத்திருப்போர் கீழே வைத்துவிட்டுக் கேட்பாராக.

அன்று காலை, சுற்றறிக்கை வேந்தரும் சிக்கனச் சிங்கமுமாகிய மேலாளர் பலகையில் ஓர் ஆணையை அறைந்தார்: "ஆயிரம் வாட்டுக்கு மேற்பட்ட மின்சாதனம் எதுவும் இவ்வலுவலகத்தில் இருத்தலாகாது!" கெட்டிலின் அடியில் வாட் பொறித்திருந்த எழுத்தோ பதினோராண்டுத் தேய்ப்பில் அழிந்தொழிந்திருந்தது. எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லட்டும், அதன்பின் அனுமதியில் கையெழுத்திடுவேன் என்றார். கெட்டில் போனால் டீ போகும். டீ போனால் நாலு மணிக்கு மேல் அக்காவுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும், பாவம்.

ஆனால் அக்கா லேசுப்பட்டவளா? பக்கத்து வெல்டிங் பட்டறை ஓடும்வரை இக்கட்டடத்தின் வோல்டேஜ் சோர்ந்து கிடக்கும் என்பதையும், மூன்று மணிக்குப் பட்டறை ஓய்ந்ததும் அது துள்ளியெழும் என்பதையும் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியைப் பார்த்தே அறிந்தவள். எலக்ட்ரீஷியனை இரண்டே முக்காலுக்கு வரவழைத்தாள்.

வந்தான் திருப்புளி வீரன், மீட்டர் ஏந்தி! கெட்டில் முழங்க, எழுத்தர் சேனை மூச்சடக்க, மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நோக்க, இருநூறு வோல்ட் என்றது மீட்டர். ஐந்து ஆம்பியர் என்றது மறுமுறை. "வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குக!" என்று கர்ஜித்தார் மேலாளர். பெருக்கினான். ஆயிரம்! ஒரு வாட் கூடவுமில்லை, குறையவுமில்லை. மேசைகள் முரசாயின.

அக்காவோ ஒரு பழைய உறையின் முதுகில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தாள். நாற்பது ஓம். அந்த மின்தடை வோல்டேஜ் ஏறினாலும் நாற்பதிலேயே நிற்கும் பிடிவாதக்காரத் தடை. பட்டறை ஓய்ந்து இருநூற்றிருபது வோல்ட் வந்தால் ஐந்தரை ஆம்பியர் பாயும், வாட் ஆயிரத்து இருநூற்றுப் பத்தாகிவிடும்! நிமிர்ந்து கடிகாரத்தை நோக்கினாள். மணி மூன்றாக நான்கு நிமிடம். மேலாளரோ ஆற அமரப் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எத்தனை ஓம்னும் எழுதிடவா?" என்றான் எலக்ட்ரீஷியன்.

"வாட்டை மட்டும் எழுதுங்க தம்பி. சாருக்கு ஓமெல்லாம் எதுக்கு?" என்றாள் தேன்குரலாள். அவன் உறையை எட்டிப் பார்த்தான். வந்த சிரிப்பை விழுங்கினான்.

அகப்பட்ட பேனாவும் எழுத மறுத்தது. மணி மூன்றாக ஒரு நிமிடம். அக்கா தன் கொண்டையில் செருகியிருந்த பேனாவை உடைவாளென உருவி நீட்டினாள். விழுந்தது கையெழுத்து! அக்கணமே பட்டறை ஓய்ந்தது, மின்விசிறி வெறிகொண்டு சுழன்றது, மேலாளரின் தாள்கள் எட்டுத்திக்கும் பறந்தன.

"என்னம்மா, திடீர்னு இப்படிச் சுத்துது?"

"காத்துதானே சார், நல்லா வாங்கிக்குங்க."

பின்னர், வெற்றித்திருமகளாம் அக்கா கெட்டிலில் புதுநீர் நிறைத்து விசையழுத்த, ஆணையை மீறிய இருநூற்றுப் பத்து வாட்டும் திரண்டெழுந்து உதவியதால், நீர் காலையில் காணா வேகத்தில் பொங்கி ஆர்ப்பரித்துக் கொதித்தது.

மேலாளர் ரெண்டு கப் குடித்தார்.