சித்தப்பாவின் டைவிங் செட்டை மாற்ற அனுமதி கோரி

பெருமதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்து, சித்தியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். டைவிங்கை விட்டபோது நீங்கள் எனக்குக் கொடுத்த செட்தான் நலமாக இல்லை. அதை மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். அடுத்த சனிக்கிழமை கடலில் எனக்கு டைவிங் பயிற்சியின் கடைசிப் பரீட்சை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். முதல் வாரம் மாஸ்க்கின் வார் அறுந்தது, கூந்தல் பேண்டைக் கட்டிச் சமாளித்தேன். அடுத்த வாரம் நீச்சல் குளத்தில், டைவிங் சூட்டின் முழங்காலில் நீங்கள் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்த துண்டு கழன்று தன்பாட்டுக்கு மிதந்து போக, குளம் சுத்தம் செய்கிற அம்மா அதை வலையில் அள்ளி, "யாரும்மா தோலை விட்டுட்டுப் போனது?" என்று ஊரே கேட்கக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். உங்களுக்குப் போன் செய்தால், "நல்லா கழுவி நிழல்ல காய வெச்சியா?" என்றீர்கள். வெச்சேன் சித்தப்பா, தினமும் வெச்சேன். மூச்சிழுக்க வாயில் கடிக்கிற ரப்பரில் உங்கள் பல்வரிசை அச்சாகப் பதிந்திருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க சித்தப்பா காத்தை இழுத்தாரா, மென்னு தின்னாரா?" என்றார்.

அதையும் பொறுத்தேன். நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சிலிண்டரோடு மிதவை ஜாக்கெட்டை மாட்டி, அதில் காற்றடைக்கும் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை. ஜாக்கெட் பொங்கியது, பால் பொங்கியது, நான் சமையலறை வாசலில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அக்கா, "ஐயோ, என்னம்மா இப்படி வீங்கியிருக்கே! டாக்டரைக் கூப்பிடவா?" என்றார்.

"சித்தப்பா குடுத்தது, அக்கா."

"அப்போ அவரையே கூப்பிடு."

இதைச் சொன்னபோது என் டைவிங் பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "கடலுக்கு அடியில இப்படி ஆனா பந்து மாதிரி மேல வந்துடுவே. நுரையீரல் தாங்காது. இதோட வந்தா நீ கரையில உட்கார்ந்து படகை எண்ணு" என்றார். முப்பது வருடம் உங்களைச் சுமந்த ஜாக்கெட்டை, உங்களைக் கேட்காமல் ஓரங்கட்ட எனக்கு மனம் வரவில்லை. வருத்தப்படாமல் ஒரு வரி எழுதுங்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி வேண்டும்,
அண்ணன் மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சித்தி போன் செய்தார். "உங்க சித்தப்பா கட்டிலுக்கு அடியில புத்தம்புது டைவிங் செட் ஒளிச்சு வெச்சிருக்கார்டீ! கேட்டா, 'அவகிட்ட மூச்சு விடாதே, என் பழசை உசுரா நினைக்கிறா, மனசு உடைஞ்சுடும்'னு சொல்றார். முதுகுவலிக்காரர் பண்ற வேலையைப் பார்த்தியா?" ஆகவே மேலே கேட்ட சம்மதம் இனித் தேவையில்லை. அந்தப் புது செட்டை அடுத்த சனிக்கிழமை நான்தான் முதலில் நனைக்கப் போகிறேன். தேடாதீர்கள். சித்தி அதை எனக்குப் பார்சல் அனுப்பி ஒரு மணி நேரமாகிறது.