சோலையின் கட்டில்

"அப்பா பன்னிரண்டு மணி பஸ்ஸில வர்றாராம்!"

தபால் கார்டோடு ஓடிவந்த கல்யாணராமனை, பக்கத்து அறை அனந்தராமன் பாதிச் சவரத்தில் நிமிர்ந்து பார்த்தான்.

"வரட்டுமே. உனக்கென்ன?"

"நீதான் என் ரூம்மேட்டுன்னு ஆத்துக்கு எழுதியிருக்கேன்டா!"

மதுரைக்கு அனுப்பும்போதே அம்மா ஜகதாம்பாள், "நம்மவா பையனோட தங்கறதானா ஹாஸ்டல்ல இரு. இல்லேன்னா தினம் திருமங்கலத்திலேர்ந்து போய்ட்டு வா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் வார்டன் துரை, சேர்ந்த வரிசைப்படி அறை கொடுத்தார். கூட வாய்த்தவன் சோலை. மேலூர்ப் பக்கத்துப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை, கணக்கில் புலி. கல்யாணராமன் இன்டர் பரீட்சையில் தேறினால் அது சோலையால்தான். அதனால், கடிதத்தில் மட்டும் சோலை அனந்தராமன் ஆகிவிட்டான்.

"மூணு மணி வரைக்கும் சோலைக்கு லாப். அதுவரைக்கும் அவன் கட்டில்ல உக்காந்தா போறும்" என்று கெஞ்சி, சோலையின் தகரப்பெட்டியைத் தூக்கிப்போய் அனந்தராமன் அறையில் ஒளித்தான் கல்யாணராமன்.

அப்பா ராஜாராமன், பள்ளிக்கூட வாத்தியார், வந்து உட்கார்ந்ததுமே அனந்தராமனைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கோத்திரம்?"

"பாரத்வாஜம், மாமா."

"நாங்க ஸ்ரீவத்ஸம். ரொம்ப நல்லது. எங்க பொண்ணு பாகீரதிக்கு வரன் பாக்கறோம்..."

அனந்தராமன் பாதிச் சவரம் செய்த கன்னத்தைக் கையால் மறைத்தபடி, "பாடுவாளா மாமா?" என்றான்.

கல்யாணராமன் குறுக்கே பாய்ந்தான். "அப்பா, இவன் தூக்கத்துல எழுந்து நடப்பான்!"

"அதனாலென்ன? பாகீரதி தூக்கத்துல பேசுவா. நன்னாப் பொருந்தும். ஜாதகத்தைக் குடுப்பா, கையோட எடுத்துண்டு போறேன்."

அனந்தராமன் ஜாதகம் எடுக்கவே எழுந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துச் சோலை உள்ளே வந்தான். லாபில் அமிலம் தீர்ந்துவிட்டதாம்.

"இவர்... அடுத்த ரூம் சோலை" என்றான் கல்யாணராமன்.

சோலை கட்டிலைப் பார்த்தான். அதன் கீழே பெட்டியில்லாத வெற்றிடத்தைப் பார்த்தான். பெரியவருக்கு வணக்கம் சொன்னான்.

"ஏன் மாப்ள, என் பெட்டி எங்கன்னு மட்டும் சொல்லிரு. நான் போறேன்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தக் குரலைக் கேட்டதும் கல்யாணராமனுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, நான் பொய் சொன்னேன். இது சோலை கட்டில். இவன்தான் என் ரூம்மேட். மூட்டை கட்டுன்னா கட்டறேன். இவனை வெளியில நிக்கவைக்க என்னால முடியாது."

ராஜாராமன் முகம் போன போக்கு சரியில்லை. குடையை எடுத்தார்.

"உங்கம்மாவுக்கு இது தெரியவேண்டாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

"போச்சு" என்று கல்யாணராமன் தரையில் சரிந்தான். "சோலை, என்னை மன்னிச்சுடுடா."

"மன்னிப்பு கெடக்கட்டும். பெட்டி?"

அனந்தராமன் அறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஹாஸ்டல் காவல்காரர் தவசி. அதை இறக்கிவைத்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அய்யா பொறப்பட்டுட்டாகளா? இனிமே சொல்லலாம் தம்பி. போன மாசம் நீங்க மேட்ச் பாக்கப் போயிருந்தப்ப வந்தாக. சோலைத் தம்பியோட ஆத்தா குடுத்தனுப்புன பணியாரத்த, இதே கட்டில்ல ஒக்காந்து அம்புட்டையும் தின்னுட்டு, 'எம் மகன்கிட்ட மூச்சுவிடாதீங்கப்பா, அவன் நேரா அவங்கம்மாகிட்டப் போட்டுக் குடுத்துருவான்'னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனாக!"