நாடியர் பிடித்த கை

எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதியாக வந்த தமிழர் எல்லாரும் குளிருக்குப் பயந்தார்கள். லாசால் பகுதியில் எங்கள் வீட்டு ஆறு பேர் மட்டும் எங்களோடேயே இருந்த நாடியருக்குப் பயந்தோம்.

அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. கண்ட ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிவிடுவார். நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் கிடந்த அந்த விரல்கள், கடவுளே, அப்படிக் குளிரும்.

ஒருநாள் வீட்டுச் சொந்தக்காரர் ‘பொன்ஜூர்’ என்று கைநீட்டினார். நாடியர் பிடித்த கையை விடவில்லை. அந்த மனிதர் சிரித்தார், இழுத்தார், பிறகு சிரிக்கவில்லை.

“உள்ளுக்கு ஆரோ நடக்கிற மாதிரிக் கிடக்கு. நொண்டி நொண்டி. உவரை டொக்டரிட்டப் போகச் சொல்லு,” என்றார் நாடியர் என்னிடம்.

சொன்னேன். மனிதர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை படிக்கட்டில் இருந்தபடியே செத்துப்போனார். அதன்பிறகு ஆடி வெயிலிலும் நாங்கள் கையுறை போட்டுத் திரிந்தோம். ஒருவன் கையுறையோடேயே சோறு தின்றான்.

அடுத்த மாரிக் குளிரில் நாடியருக்கும் எனக்கும் அடுத்தடுத்து நெஞ்சடைத்தது. இரண்டு பேரும் தப்பினோம். இன்னொருமுறை அடைக்காமல் காக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு புதுக் குளிசையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவில் செய்த குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது, உறைக்குள் ஒட்டி வைத்திருந்தது. நாங்களும் கையெழுத்துப் போட்டோம். மாதாமாதம் இரண்டு போத்தல் வரும். ஒரே குளிசை, ஒரே மூடி, இலக்கம் மட்டும் வேறு.

எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: எதுவும் அதிகம் தேவைப்படுகிறவனுக்கே. இருந்த ஒரு நல்ல கோட்டையும் வேலைக்குப் போகிறவன்தான் போடுவான்.

கையுறையை மறந்த ஒரு காலையில் நாடியர் என்னைப் பிடித்துவிட்டார். தேத்தண்ணி ஆறும்வரை விடவில்லை. பிறகு தன் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார்.

“என்னண்ணை, உள்ளுக்கு ஆரும் நடக்கினமோ?” என்றேன் பகிடியாக.

அவர் சிரிக்கவில்லை.

“மனுசி பிள்ளையளை ஊரிலயிருந்து எப்ப கூப்பிடுவாய்?”

“அகதி வழக்கு முடியவேணும், அண்ணை.”

“அப்ப நீ இருக்கவேணும். குளிசையை விடாமப் போடு. போத்தல் ரெண்டையும் இனி நான் பாக்கிறன்.”

பனி உருகும்போது எனக்குப் படியேற மூச்சு வாங்கவில்லை. நாடியர் இரண்டு படிக்கு ஒருக்கா நின்றார். ஒரு மத்தியானம் கோப்பைத் தொட்டியடியில் விழுந்து செத்துப்போனார். தன் மணிக்கட்டைத் தானே பிடித்தபடி கிடந்தாராம்.

அந்த மாதமே சோதனை முடிந்து டொக்டர் உறையைத் திறந்தார். குழம்பிப்போனார். மருந்து நாடியருக்கு. மா எனக்கு.

வீட்டுக்கு ஓடிவந்து என் கடைசிப் போத்தலைப் பார்த்தேன். இலக்கத் துண்டின் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தேன். கீழே காய்ந்த சோற்றுப் பருக்கை.

அடுத்தநாளே, நாடியர் இலக்கத் துண்டுகளை மாற்றி ஒட்டிய உண்மையை டொக்டரிடம் சொன்னேன். சோதனைக் கணக்கிலிருந்து எங்கள் இரண்டு இலக்கங்களையும் வெட்டிவிட்டார்.

மனுசியும் பிள்ளைகளும் வந்து கனகாலம். இப்போதும் காலையில் என் மணிக்கட்டை நானே பிடிக்கிறேன். என் விரலும் குளிர்கிறது. உள்ளே யாரோ நொண்டாமல் நடக்கிறார்கள். “நடவுங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன்.