ரைஹானின் விரலும் மூன்றாம் நடைமேடையும்

அல்மாத்தி ரயில் முதலாம் நடைமேடைக்கு வருகிறது என்றுதான் ரைஹான் சொல்ல நினைத்தாள். டச்பேடில் விரலை வைத்தாள், அவ்வளவுதான். எடுப்பதற்குள் ஹெட்ஃபோனில் ஒரு தேன் குரல் "மூன்றாம் நடைமேடை" என்று சொல்லி முடித்துவிட்டது.

ஜன்னல் பக்கம் பாய்ந்தாள். குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டு, இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து அடைத்த ஜன்னல். சத்தம் எதுவும் வராது, காட்சி மட்டும்தான். கீழே ஒரு பெண் இரண்டு பெரிய பைகளோடு மேம்பாலப் படியேறி ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சிப்பாய்.

"ஐயோ, என்னாலதான்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள் ரைஹான்.

தாஸ்கெச்சு ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக மைக்கில் அறிவிப்பவள் அவள். நேற்று மாலை ஸ்டேஷன் மாஸ்டர் செரிக்போல் ஒரு லேப்டாப்பை மேசையில் வைத்து, "நாளையிலேர்ந்து இதுதான்க்கா. தேவையான அறிவிப்பைத் தொட்டா அதுவே பேசும். மைக் அவசரத்துக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு, செமேயில் ஏதோ கூட்டம் என்று வண்டியேறிவிட்டார். ஒரு வாரத்துக்குள் பழகாதவர்கள் சாமான் அறைக்கு மாற்றப்படுவார்கள் என்று சுற்றறிக்கை வேறு. சாமான் அறைக்கு ஜன்னலே கிடையாது.

கராகந்தியில் வங்கி வேலையில் இருக்கும் மகள் தோல்கினைப் போனில் பிடித்தாள்.

"நான் அமுக்கவே இல்லடி. சும்மா தொட்டேன், அதுவா சொல்லிடுச்சு!"

"தொட்டாலே அமுக்கின மாதிரிதாம்மா எடுத்துக்கும். நீ மாவு பிசையற மாதிரி கையை வெச்சிருப்ப."

"ஒரு மவுஸ் குடுத்திருந்தா குறைஞ்சா போயிடுவாங்க?"

"அம்மா, இங்க ஆளுங்க நிக்கறாங்க. செட்டிங்ஸுக்குப் போ, டச்பேட்னு இருக்கும். அம்புக்குறி வேகத்தைக் குறைச்சிடு."

ரைஹான் குறைத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாததால் அடிமட்டம் வரைக்கும் குறைத்தாள்.

செமே ரயில் வந்தபோது அம்புக்குறி திரையின் இடது ஓரத்திலிருந்து கிளம்பியது. டச்பேடை மறுபடி மறுபடி தேய்த்தாள். ஒரு தேய்ப்புக்கு அரை அங்குலம். அது "வருகிறது" என்ற கட்டத்தைத் தொட்டு, தேன் குரல் ரயிலை அன்போடு வரவேற்றபோது, கடைசிப் பெட்டி நிலையத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இப்ப ஆமை மாதிரி நகருதுடி!"

"நடுவுல வைம்மா. அப்படியே, தொட்டா அமுக்கினதா எடுத்துக்கறதை நிறுத்திடு. கீழ் ஓரத்துல அழுத்தினாத்தான் வேலை செய்யும்."

நிறுத்தினாள். அழுத்தினாள். வலது ஓரத்தில் அழுத்தியதால் ஒரு பட்டியல் விரிந்தது. பதற்றத்தில் அதில் எதையோ அழுத்த, 'திரும்பத் திரும்பச் சொல்' என்பதாக அது இருந்து தொலைத்தது. நீலத் தொப்பி அணிந்த நான்கு வயதுக் குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் வரும்படி தேன் குரல் பதினோரு முறை கெஞ்சியது. அப்படி ஒரு குழந்தை அன்று நிலையத்திலேயே இல்லை.

"ரெண்டு விரலால கீழ இழு, நிறுத்தற கட்டம் வரும்" என்றாள் தோல்கின் கிசுகிசுப்பாக.

ரைஹான் கீழே இழுத்தாள். பக்கம் மேலே போனது. மேலே தள்ளினாள், கடைசி வரிக்கு ஓடியது. கட்டத்தைக் கண்டதும் அழுத்தினாள். குழந்தை அறிவிப்பு நின்றது. தேன் குரல் வேறொன்றுக்குத் தாவியது.

"கடும் பனிப்புயல் காரணமாக அனைத்து ரயில்களும் ரத்து செய்யப்படுகின்றன."

ஜன்னலில் பார்த்தாள். வெயில் பளபளவென்று அடித்தது. கீழே நான்கைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புயல் எங்கேன்னு வானத்தைப் பாக்கறாங்கடி" என்றாள் ரைஹான்.

மேசைப் போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டராகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. அதன்மேல் தன் கம்பளிச் சால்வையைப் போட்டு மூடினாள்.

அடுத்த ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அழுது முடித்து, பால் ஊற்றிய தேநீரை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, டச்பேடின் முன் உட்கார்ந்தாள். உருட்டும் திசையை மாற்றினாள், பிடிக்கவில்லை, பழையபடியே வைத்தாள். அம்புக்குறியை நகர்த்த அழுத்தத் தேவையில்லை, விரல் நுனி உராய்ந்தால் போதும் என்பது மெல்ல மெல்லப் பிடிபட்டது. இறகு வைத்ததுபோல் வைத்தாள். அம்புக்குறி சொன்ன பேச்சுக் கேட்டது.

பாவ்லோதர் ரயிலை அவள் அறிவித்தது கச்சிதம். சரியான ரயில், சரியான நடைமேடை, சரியான நேரம்.

"பழகிட்டேன்டி" என்றாள் போனில்.

"பாத்தியா? அப்புறம் என்னம்மா, சந்தோஷமா இரு."

இருக்க முடியவில்லை. பைகளோடு ஓடிய அந்தப் பெண் கண்முன்னாலேயே நின்றாள். தப்பை லேப்டாப்பின் தலையில் கட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் இருபத்தாறு வருடமாக இந்த ஊர் நம்பியது அவள் குரலை. ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு மைக்கை இழுத்தாள்.

"அன்பான பயணிகளே, ரைஹான் பேசறேன். காலையிலேர்ந்து நடந்த அத்தனை குழப்பத்துக்கும் நான்தான் காரணம். மெஷின் மேல தப்பு இல்ல, என் விரல் மேலதான். என்னால அலைஞ்சவங்க, பயந்தவங்க, அந்தக் குழந்தையைத் தேடினவங்க, எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

கீழே நடைமேடை முழுவதும் அப்படியே நின்றது. எல்லா முகங்களும் அவள் ஜன்னலை நோக்கித் திரும்பின. ஒரு பெரியவர் தொப்பியைக் கூடக் கழற்றினார். ரைஹானின் கண்கள் நிறைந்தன. மன்னித்துவிட்டார்கள். சாமான் அறைக்கே அனுப்பினாலும் இனிக் கவலையில்லை என்று நினைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு எலக்ட்ரீஷியன் தொலெகென் உள்ளே வந்தான். மீசையில் உறைபனி, தோளில் கம்பிச் சுருள்.

"மன்னிச்சுக்கங்கக்கா, காலையிலேர்ந்து கூரை மேலதான் நிக்கறேன். ஒலிபெருக்கிக்கு இப்பதான், நீங்க பேசறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, லைன் குடுத்தேன். நீங்க பேசினது அட்டகாசமா கேட்டுச்சு. அப்படி என்னதான்க்கா தப்பு பண்ணீங்கன்னு கீழ ஒவ்வொருத்தரும் என்னைப் பிடிச்சுக் கேக்கறாங்க!"