வாய்க்குள்ளும் வந்த தடிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

வாயைத் திறக்க முடியாத தம்பி கையால் எழுதிக்கொள்வது. என் தோலையும் வாயையும் தவிர இங்கே அனைவரும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் போனை எடுக்கவில்லை என்றதும், கோபித்துக்கொண்டேன் என்று அத்தானிடம் அழுதாயாம். கோபமெல்லாம் இல்லை அக்கா. முதலில் மார்பில் நாணயம் போல ஒரேயொரு செந்தடிப்பு. "படர்தாமரைதான், எனக்குத் தெரியாதா?" என்று என் வீட்டுக்காரி களிம்பை அப்பினாள். அது போகாமல் உறவுக்கூட்டத்தையே அழைத்து வந்து முதுகெங்கும் குடியேற்றியது. என் துண்டு மட்டும் மாடியில் தனியாகக் காய்ந்தது. பிறகு கன்னத்தின் உட்புறத்தில் புண்கள். பல் டாக்டர் பாவம், ஒரு தப்பும் செய்யாத கடைவாய்ப் பல்லை அராவிவிட்டார். பஸ் நிலைய மைக்கில் காலமெல்லாம் கத்திய நான், தண்ணீர் கேட்கவும் சைகை காட்டினேன். மனத்துக்குள் வேறொரு நோயின் பெயர் ஓடியது. அதை எழுதக்கூட எனக்குத் தைரியமில்லை.

கடைசியில் தோல் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "முதுகுல இருக்கறதேதான் வாயிலயும் வந்திருக்கு. சில பேருக்கு அப்படி வரும். பயப்படாதீங்க, தானா போயிடும். காரம் மட்டும் வேணாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?" என்று கேட்டாரே, அங்கேயே நீ வந்துவிட்டாய்.

நம் இருவருக்கும் ஒன்றாக அம்மை போட்டு, கடைசி அறையில் கிடந்தோமே! நான் சொறியக்கூடாதென்று உன் பள்ளிக்கூடக் காலுறைகளை என் கைகளில் மாட்டி முடிச்சுப் போட்டாய். அன்றும் எனக்கு வாயெல்லாம் புண். எனக்காக நீதான் பேசினாய். "அம்மா, தம்பிக்குக் கஞ்சி வேணாமாம், ஐஸ்கிரீம்தான் வேணுமாம்!" வந்ததில் பாதி உன் வயிற்றுக்குள் போனது. இருந்தாலும், கேட்காமலேயே என் வலி தெரிந்த ஆள் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை அக்கா.

புண் ஆறும்வரை பேச இயலாது. ஆகவே பதில் எழுது, விரிவாக எழுது. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் ஊமைத் தம்பி

பி.கு: அண்ணி, இது களிம்பு அப்பியவள் எழுதுவது. தபாலில் போடச் சொல்லி உங்கள் தம்பி என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். புண் எப்போதோ ஆறிவிட்டது, போன வாரமே ஊறுகாய் கேட்டுச் சண்டை போட்டார். குளியலறையில் பாட்டு வேறு. "போன எடுங்களேன்"னு சொன்னா, "எடுத்தா ரெண்டு வார்த்தைல வச்சிடுவா. எழுதினா அவ கையெழுத்து வரும்"ங்கிறார். நீங்க ஏமாந்த மாதிரியே பதில் போடுங்க, அண்ணி.